கடல் பக்கத்து ஆணிகள்

டொரீன் டயர் தன் புருஷனுடைய கடல் துணிகளை அள்ளிக்கொண்டு குப்பைமேட்டுக் கொட்டகைக்கு வந்த சனிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். சொல்லவில்லை. அவள் மூட்டையில் இருந்த சாம்பல் நிறக் கம்பளிக் காலுறைகள் மேல் எனக்கு ஒரு கண். உள்ளதைச் சொல்லிவிட்டேன், இனி என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

லோரிங் தீவில் வேண்டாத துணியை யாரும் எறிவதில்லை. எறிய இடமும் இல்லை. குப்பை ஏற்றிப்போகும் தட்டைப் படகு மாதத்துக்கு ஒருமுறை வரும், அதுவும் காற்று சம்மதித்தால். அதனால் பீரோவை ஒழித்தால் துணியெல்லாம் குப்பைமேட்டுக் கொட்டகைக்குப் போகும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். முந்நூறு பேர் இருக்கிற ஊரில் எந்தச் சட்டை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். நீங்கள் கழித்துக்கட்டிய கோட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் உங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும், அதுதான் மரியாதை. 'அது என்னோடதாச்சே' என்று வாய்விட்டவர் வீட்டில் ஒரு வருஷத்துக்கு யாரும் காப்பி குடிக்க மாட்டார்கள்.

நான் அந்த ஊர் தபால் நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவன். அந்தச் சனிக்கிழமைக்கு முப்பத்தொரு வருஷம் முன் தபால் படகில் வந்து இறங்கினேன். வந்த வழியில் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. திரும்பிப் போகவும் அதே படகில்தான் ஏற வேண்டும் என்பதால் இங்கேயே தங்கிவிட்டேன். என் பின் ஜன்னலுக்கு நேர் எதிரே டயர் வீட்டுச் சமையலறை ஜன்னல். அந்த வீட்டில் அடுப்பில் என்ன வேகிறது என்று எனக்குத் தெரியும், என் வீட்டில் என்ன வேகவில்லை என்று டொரீனுக்குத் தெரியும்.

அவள் புருஷன் ஆல்டன் சிங்கி இறால் பிடிக்கிறவன். அந்த வருஷம் செப்டம்பரில் கடலடியிலிருந்து இறால் கூண்டு தூக்கிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படகிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்படியே படகை ஓட்டிக்கொண்டு துறைக்கு வந்து, கயிற்றைக் கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் விழுந்தான். மறுகரை ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பிளந்து தைத்து அனுப்பினார்கள். இனிக் கடல் கிடையாது, ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, மீறினால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆல்டன் நன்றாகத் தலையை ஆட்டிவிட்டு வந்தான். ஆனால் அவனுடைய முந்நூற்று நாற்பது கூண்டுகள் கடலடியில் கிடந்தன. டிசம்பர் புயலுக்கு முன் எடுக்காவிட்டால் ஒன்றுகூட மிஞ்சாது.

வேறு ஊராக இருந்தால் நாலு பேர் போய் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். இங்கே அடுத்தவன் கூண்டில் கை வைப்பதைப் போல ஒரு பாவம் கிடையாது. கை வைத்தவன் படகு விடிந்து பார்த்தால் தண்ணீருக்கடியில் இருக்கும். யார் மூழ்கடித்தது என்று போலீஸ்காரர்கூடக் கேட்க மாட்டார். சொந்தக்காரன் வாய்விட்டுக் கேட்டால்தான் உண்டு. ஆல்டனா கேட்பான்?

"எனக்குத்தான் ரெண்டு கை இருக்கே. நவம்பர் கடைசியில நானே போய் எடுத்துக்கறேன்" என்று தபால் வாங்க வரும்போதெல்லாம் சொல்வான். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.

டொரீன் அழுது பார்த்தாள், கத்திப் பார்த்தாள், மகளை விட்டுப் போனில் பேசச் சொன்னாள். கடைசியில் அவன் பரிசோதனைக்கு மறுகரைக்குப் போயிருந்த சனிக்கிழமை, கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த துணி அலமாரியைத் திறந்தாள். ஸ்வெட்டர், ரப்பர் கால்சட்டை, மழைச்சட்டை, பூட்ஸ், உள்ளாடை, கையுறை, தொப்பி, ஒன்று பாக்கியில்லாமல் எடுத்து ஒரு பழைய போர்வையில் கட்டினாள்.

அன்றைக்கு முந்தின நாள் முழுக்க மழை. கொட்டகைக் கூரை ஒழுகி அட்டைப்பெட்டிகள் எல்லாம் ஊறிப்போயிருந்தன.

"இதுல போட்டா நாசமாயிரும்" என்றாள் டொரீன். சுற்றும் முற்றும் பார்த்தாள். கடல் பக்கத்துச் சுவரில் இரண்டு வரிசை ஆணிகள். "அது என்ன, சும்மாவா இருக்கு?"

"சும்மாதான் கெடக்கு" என்றேன். அது பொய்யில்லை, இருபத்தாறு வருஷமாகச் சும்மாதான் கிடந்தது. "ஆல்டனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவானா? போட்டுக்க ஒண்ணும் இல்லேன்னா எப்படிப் போவான்? நவம்பர் கடல்ல பைஜாமாவோடயா போவான்?"

"அவன் போனாலும் போவான்."

"போகட்டும். குளிர் தாங்காம பாதியில திரும்பி வருவான்ல." அவள் ஸ்வெட்டரை ஆணியில் மாட்டினாள். கருநீலம், முழங்கையில் அவளே தைத்த பழுப்பு ஒட்டு. மாட்டிவிட்டுக் கையை எடுக்கவில்லை. "முப்பத்தஞ்சு வருஷமா தொவச்சிருக்கேன், இதுல மீன் வாடை போனதே இல்ல. எத்தனை தடவை திட்டியிருக்கேன் தெரியுமா? இன்னிக்கு ஒவ்வொண்ணா மோந்து பாத்துட்டுக் கட்டினேன். அவன் எனக்கு இருக்கணும், அவ்வளவுதான். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தாலும் பரவாயில்ல, இருக்கணும்."

பதினாலு உருப்படிகளையும் மாட்டிவிட்டு அவள் போய்விட்டாள்.

இப்போது அந்த ஆணிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுத் துணி பெட்டியில் போகும். கடல் துணி மட்டும் கடல் பக்கத்து ஆணியில் தொங்கும், அதுவும் ஒரே காரணத்துக்காக. இதைப் போட்டிருந்தவன் கரையேறிவிட்டான், இனிப் போக மாட்டான், அவன் கூண்டுகள் இன்னும் தண்ணீரில் கிடக்கின்றன என்று அர்த்தம். அதில் ஒன்றை எடுக்கிறவர் அந்த வீட்டுக்கு ஒருநாள் கடல் வேலை செய்து கொடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் அந்தத் துணி அவருடையது. உதவி கேட்கிறவனும் வாய் திறப்பதில்லை, செய்கிறவனும் வாய் திறப்பதில்லை. யாருடைய மானமும் போகாமல் காரியம் நடக்க ஊர் கண்டுபிடித்து வைத்திருந்த வழி அது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடைசியாக அது நடந்தபோது டொரீன் குறைமாதத்தில் பிறந்த மகளோடு ஐந்து வாரம் மறுகரை ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒஹாயோவில் சோளக்காட்டுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவளுக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

ஆக, புருஷனை வீட்டோடு இருத்தி வைக்க நினைத்தவள், அவனைக் கேட்காமலே, அவன் முடிந்துபோனான், வந்து கை கொடுங்கள் என்று ஊருக்கே அறிவித்துவிட்டாள். கடல் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைக்கூட ஒப்புக்கொள்ளாத மனுஷனுக்கு இது என்ன மாதிரியான அடி என்று யோசித்துப் பாருங்கள்.

குப்பைமேட்டைப் பார்த்துக்கொள்கிற ஏவிஸ் கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். ஐம்பது வயது, கதவகலத் தோள், எதற்கும் கண் கலங்காதவள். சுவரைப் பார்த்தாள்.

"ஆல்டனா?"

"ஆல்டன்தான்."

"அவனே குடுத்து விட்டானா?"

"டொரீன் கொண்டுவந்தா."

"ஆணின்னா என்னன்னு அவளுக்குத் தெரியுமா?"

நான் காலுறைகளைப் பார்த்தேன். "தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

ஏவிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு ரப்பர் கால்சட்டையை ஆணியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். நான் காலுறைகளை எடுத்தேன். மறுநாள் தேவாலயம் முடிந்து சாப்பாட்டு நேரத்துக்குள் சுவர் மொட்டையாகிவிட்டது.

ஞாயிறு சாயங்காலம் ஆல்டன் திரும்பி வந்தான். அன்றைக்கு வீட்டுக்குள் நடந்தது டொரீன் பிற்பாடு என்னிடம் சொன்னது. தொப்பியை மாட்ட அலமாரியைத் திறந்தவன் கதவைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றானாம். அவள் அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து மேஜையில் உட்கார்ந்தான்.

"என்ன செஞ்சிருக்க?"

"சவுடர். ஹேடக் மீன் கெடச்சுச்சு. சோள ரொட்டியும் இருக்கு."

"பன்றிக் கொழுப்பு வறுத்துப் போட்டியா?"

"டாக்டர் கூடாதுன்னாரு."

"அப்ப அது சவுடர் இல்ல, பால்ல வெந்த உருளைக்கிழங்கு."

அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பால் சூப்பை ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்துவிட்டுப் படுக்கப் போனான். அவன் சத்தம் போட்டிருந்தால் தூங்கியிருப்பேன் என்றாள் டொரீன்.

திங்கள் முழுக்க ஜன்னலோரம் பைனாகுலரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செவ்வாய்க்கிழமை காலையில் திடீரென்று, "மெர்ட்டனுக்கு வயிறு போட்டுருச்சு. ஸ்வெட்டர் இழுத்துப் பிடிக்குது" என்றான்.

டொரீன் கழுவிக்கொண்டிருந்த தட்டை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். துறையில் மெர்ட்டன் ஏம்ஸ் இரை மீன் பீப்பாயை உருட்டிக்கொண்டிருந்தான். கருநீல ஸ்வெட்டர், முழங்கையில் பழுப்பு ஒட்டு. வேறு யார் உடம்பில் இருந்திருந்தாலும் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். கருங்கல் பாறைப் பக்கம் யார் கூண்டு யார் கூண்டின் மேல் விழுந்தது என்று ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு சண்டை. அதிலிருந்து மெர்ட்டனுக்கும் ஆல்டனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே துறையில் தோள் உரச நடப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

டொரீன் தன் ஊதாக் கோட்டை மாட்டிக்கொண்டு துறைக்கு ஓடினாள்.

"மெர்ட்டன், அதக் கழட்டிக் குடு."

"எத?"

"எதன்னு உனக்குத் தெரியும். ஒம்பது வருஷமா அவன்கூட ஒரு வார்த்தை பேசல. இப்ப அவன் ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு அவன் ஜன்னலுக்கு நேரா வந்து நிக்கிற. வெக்கமா இல்ல உனக்கு?"

"குடுக்க முடியாது டொரீன்."

"ஏன் முடியாது? புதுசா ஒண்ணு பின்னித் தரேன், வயிறு கொள்ளற மாதிரி."

"புதுசு வேணாம். ஆணியில இருந்து எடுத்தாச்சு."

"ஆணியாம் ஆணி. என்ன பெரிய ஆணி?"

மெர்ட்டன் அவளை ஒரு தினுசாகப் பார்த்தான். பிறகு பீப்பாய் பக்கம் திரும்பிக்கொண்டான். "வியாழக்கிழமை காத்து எறங்கும்கறாங்க. நீ வீட்டுக்குப் போ. அவன் பாத்துக்கிட்டிருக்கான்."

வீட்டுக்குப் போகாமல் நேரே தபால் நிலையத்துக்கு வந்தாள். நான் கால்களை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டேன்.

"ஆணின்னா என்ன? ஏவிஸ்கிட்ட ரப்பர் கால்சட்டையக் கேட்டேன், அவளும் ஆணிங்கறா. பாதிரியார் பொண்டாட்டி கம்பளி உள்ளாடையக் கழுத்துல சுத்திக்கிட்டுத் திரியறா, அவளும் ஆணிங்கறா. ஊருக்கே என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

சொன்னேன். வேறு வழியில்லை. முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். 

"அன்னிக்கு நீ அங்கதான் இருந்த."

"இருந்தேன்."

"உன்னக் கேட்டேன். சும்மாதான் கெடக்குன்ன."

"ஆமா."

"ஏன்யா?"

நான் காலை வெளியே நீட்டிக் காட்டினேன். "நல்ல கம்பளி" என்றேன்.

"ஒரு ஜோடி காலுறைக்கா?" அவள் அங்கே இருந்த விதைக் கடை விலைப்பட்டியலை எடுத்து என் தலையில் ஒரு போடு போட்டாள். எனக்கு வேண்டியதுதான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். "அவன் உயிரக் காப்பாத்தறேன்னு மானத்த வாங்கிட்டேனே. கேட்கத் தெரியாத மனுஷன். பேர சொல்லிக் கூப்பிட்டு ஒருத்தன்கிட்ட உப்பு வாங்கினதில்ல. அவன ஊர்கிட்டக் கையேந்த வச்சுட்டேனே. எல்லாத்தையும் திருப்பி வாங்க ஏதாச்சும் வழி இருக்கா?"

"கெடையாது."

"அப்ப நான்தான் போய்ச் சொல்லணும்."

"அவன் ஸ்வெட்டரப் பாத்துட்டான்ல. தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சாலும் நான்தான் சொல்லணும்" என்று எழுந்து போனாள்.

அவள் போய்ச் சொல்வதை என் பின் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாதுதான். ஆல்டன் மேஜையில் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தான். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே பேசினாள். பேசினதை அவளே பிறகு சொன்னாள்.

"ஆணியிலயா மாட்டின?"

"பெட்டியெல்லாம் நனஞ்சு கெடந்துச்சு. எனக்குத் தெரியாது ஆல்டன்."

"எத்தன உருப்படி?"

"பதினாலு."

"எத்தன தொங்குது இன்னும்?"

"ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கெழமை மத்தியானத்துக்குள்ள எடுத்துட்டாங்க."

அவன் கத்தி நின்றது. "ஒரே நாள்லயா?"

"ஆமா."

"சரியாத் தெரியுமா உனக்கு? ஒரே நாள்லயா?" இரண்டாம் தடவை கேட்கும்போது குரல் வேறு மாதிரி இருந்ததாம். "எங்கப்பாவோடது ரெண்டு வாரம் தொங்குச்சு. தெனமும் கொட்டகைப் பக்கம் போய்ப் பாத்துட்டு வருவாரு. அவரு நல்ல மனுஷன்தான், ஆனா வாய் ஜாஸ்தி. கடைசி ஜோடி பூட்ஸ ஏவிஸோட அப்பா எடுத்த அன்னிக்குத்தான் சாப்பிட்டாரு. நீ அப்ப ஆஸ்பத்திரியில இருந்த. இதப் பத்தி யார்கிட்டயும் பேசக் கூடாது, அதான் சொல்லல."

"கோவமா இருக்கியா?"

"இருக்கேன்" என்றான். ஒரு கிழங்கை முழுசாகச் சீவி முடித்தான். "ஸ்வெட்டர மெர்ட்டன் எடுத்திருக்கான் பாரு" என்றான். அடுத்த கிழங்கை எடுத்தான்.

வியாழக்கிழமை விடியும்போது மெர்ட்டன் என் கதவைத் தட்டினான். "காலுறையப் போட்டுக்கிட்டு வா" என்றான். எனக்குக் கடல் ஆகாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். காலுறை எடுக்கும்போது அது ஞாபகம் இருந்திருக்கணும் என்று சொல்லிவிட்டான்.

அப்படி ஒரு குளிர் அந்த நவம்பரில் அதற்குமுன் வரவில்லை. காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. கடல் முழுக்கப் புகை. குளிர் முற்றினால் தண்ணீரிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பி ஆள் உயரத்துக்கு நிற்கும், முப்பத்தொரு வருஷமாகக் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். அதற்குள் போய் நின்றது அன்றைக்குத்தான். ஒன்பது படகுகளின் எஞ்சின்களும் ஒன்றாகக் கிளம்பின. யாரும் பேசவில்லை, கையசைக்கவில்லை. வெளியே வந்ததும் சூரியன் எழும்பி அந்தப் புகை மொத்தமும் சிவந்தது. படகுகள் தெரியவில்லை. இடுப்புக்கு மேலே ஆட்கள் மட்டும் புகைமேல் மிதந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஏவிஸ் தோள்பட்டையில் ஆல்டனின் கால்சட்டை வார். பள்ளிக்கூட வாத்தியார் கையில் ஆல்டனின் கையுறை. ஒருவர் தலையில் தொப்பி, ஒருவர் உடம்பில் மழைச்சட்டை, பாதிரியார் மனைவி கழுத்தில் உள்ளாடை. ஆல்டனே பதினாலு பேராகப் பிரிந்து தன் கூண்டுகளைத் தேடிப் போவது மாதிரி இருந்தது.  வாந்தி எடுக்கக்கூட மறந்துபோனேன். அப்புறம் ஞாபகம் வந்து எடுத்தேன்.

கூண்டெடுப்பது லேசான வேலை இல்லை. பச்சையும் வெள்ளையும் அடித்த மிதவையைக் கொக்கியால் இழுத்து, கயிற்றைக் கப்பியில் மாட்டினால், கூண்டு பாசியும் சேறுமாக மேலே வரும். அதைப் படகுக்குள் இழுத்துப் போட வேண்டும், உள்ளே இருக்கிறதை எடுத்துத் தொட்டியில் போட வேண்டும், கயிற்றைச் சுருட்டி உள்ளே திணித்து அடுக்க வேண்டும். கயிறு பட்ட இடமெல்லாம் பனிக்கட்டி ஆயிற்று. அடுத்தவன் கூண்டைத் தொட்டால் படகை மூழ்கடிக்கிற ஊர், பச்சை வெள்ளை மிதவை தெரிந்த இடமெல்லாம் நின்று நின்று எடுத்தது. இதற்கெல்லாம் சட்டப்படி அனுமதி வேண்டும். கடல் காவலருக்கு அன்றைக்கு மட்டும் மறுகரையில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது.

கருங்கல் பாறைகிட்ட வந்ததும் மெர்ட்டன் எஞ்சினைத் தணித்தான். அங்கே ஆறு மிதவைகள். ஐந்தை எடுத்தோம். ஆறாவதுக்கு நான் கொக்கியை நீட்டினபோது கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத விடு."

"ஏன்?"

பதில் சொல்லாமல் அந்த மிதவையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தான். "அன்னிக்கு என் கூண்டுதான் அவனோடது மேல விழுந்துச்சு" என்றான். "எனக்கு அப்பவே தெரியும். யார்கிட்டயும் சொல்லாத."

நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன், மெர்ட்டன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிவிட்டது.

மத்தியானம் மூன்று மணிக்குக் கூண்டுகள் எல்லாம் டயர் வீட்டுத் துறையில் நாலு நாலாக அடுக்கியாகிவிட்டது. அப்போது ஆல்டன் படியிறங்கி வந்தான். வீட்டில் அவனுக்கு அந்தக் குளிரைத் தாங்குகிற துணி ஒன்றும் மிச்சமில்லை. அதனால் டொரீனின் ஊதாக் கோட்டைப் போட்டிருந்தான். பித்தான் ஒவ்வொன்றும் பூப்போட்டது, கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே முடிந்துவிட்டது. காலில் வீட்டுச் செருப்பு. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. டொரீன் பின்னால் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள்.

ஆல்டன் அடுக்கு அடுக்காகப் பார்த்துக்கொண்டே நடந்தான். கூண்டுக் கம்புகளைத் தொட்டுப் பார்த்தான். கடைசியில் மெர்ட்டன் முன்னால் வந்து நின்றான்.

"முன்னூத்தி முப்பத்தொம்போது" என்றான் மெர்ட்டன்.

"முன்னூத்தி நாப்பது" என்றான் ஆல்டன்.

"ஒண்ணு கருங்கல் பாறைகிட்ட கெடக்கு. நான் தொடல."

"ஏன் தொடல?"

"அத நீ எடுக்கணும். கப்பி என் படகுல இருக்கு. நீ கயித்த மட்டும் மாட்டு, தூக்கறது நான் தூக்கறேன்."

ஒன்பது வருஷத்தில் அவர்கள் பேசின முதல் பேச்சு அது. ஆல்டன் குனிந்து தன்னுடைய ஊதாக் கோட்டைப் பார்த்துக்கொண்டான். பிறகு டொரீனைப் பார்த்தான். நாங்கள் எல்லோரும் டொரீனைத்தான் பார்த்தோம். அவன் கடலுக்குப் போய்விடக் கூடாது என்றுதானே அவள் இத்தனையும் செய்தாள்? அவள் வேண்டாம் என்றால் அந்தக் கூண்டு அங்கேயே கிடந்து மட்கிப்போகும், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏவிஸ்தான் முதலில் நகர்ந்தாள். தோள் வாரை இறக்கி, ரப்பர் கால்சட்டையைக் கழற்றி, கொண்டுபோய் நீட்டினாள். ஆல்டனிடம் நீட்டவில்லை, டொரீனிடம் நீட்டினாள்.

டொரீன் அதை வாங்காமல் நின்றாள். சால்வைக்குள் அவள் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தது தெரிந்தது. பிறகு கையை வெளியே எடுத்து வாங்கினாள்.

அப்புறம் ஒவ்வொருவராகக் கழற்றினோம். அந்தக் குளிரில், துறை நடுவில், பதினாலு பேரும் கழற்றி வரிசையாக நின்று அவள் கையில் கொடுத்தோம். மெர்ட்டன் ஸ்வெட்டரைத் தலைவழியாக உருவிக் கொடுத்துவிட்டுச் சட்டையோடு நின்றான். நான் கூண்டின்மேல் உட்கார்ந்து காலுறைகளைக் கழற்றினேன். பனி படிந்த பலகையில் வெறுங்காலை வைத்தால் காலா கட்டையா என்று தெரியவில்லை. டொரீன் ஒவ்வொன்றாக அவனுக்குப் போட்டுவிட்டாள். ஊதாக் கோட்டைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டு, ஸ்வெட்டரை மாட்டி, தைத்த நெஞ்சின்மேல் அதை மெல்ல இழுத்துவிட்டாள். குனிந்து காலுறை போட்டாள், பூட்ஸை மாட்டினாள், தோள் வாரைப் பூட்டினாள். பூட்டும்போது அது இரண்டு தடவை நழுவிற்று.

"எல்லாம் சூடா இருக்கு ஆல்டன்" என்றாள். "ஒவ்வொண்ணும் சூடா இருக்கு."

அவன் தலையை ஆட்டினான். 

"போயிட்டு வா" என்றாள்.

முப்பத்தைந்து வருஷத்தில் அவள் துறைக்கு வந்து அவனை வழியனுப்பியது அன்றைக்குத்தான். அவன் விடியுமுன் கிளம்புகிறவன், அவள் தூக்கத்தைக் கெடுக்காமல் போகிறவன்.

கருங்கல் பாறை துறையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம்தான். புகை அடங்கிக் கடல் தட்டுப்போலக் கிடந்தது. மெர்ட்டனின் படகு நின்றது, ஆல்டன் குனிந்து மிதவையைப் பிடித்தான், கயிற்றைக் கப்பியில் மாட்டினான். கூண்டு வந்ததும் மெர்ட்டன் தூக்கி விளிம்பில் வைத்தான். உள்ளே ஒரே ஒரு சிங்கி, பெரிய பெட்டை, அடிவயிறு கொள்ளாமல் முட்டை. முட்டைக்காரியை யாரும் எடுப்பதில்லை. ஆல்டன் கத்தியை எடுத்து அதன் வால் நுனியில் ஒரு சின்ன வெட்டுப் போட்டானாம். இனி யார் கூண்டில் சிக்கினாலும் அந்த வெட்டைப் பார்த்து விட்டுவிடுவார்கள். பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டான், எறியவில்லை. மெர்ட்டன்தான் பிறகு இதைச் சொன்னான்.

கரைக்கு வந்ததும் ஆல்டன் வீட்டுக்குப் போகவில்லை. அதே துணிகளோடு குப்பைமேட்டுச் சாலையில் மெதுவாக நடந்தான், நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். டொரீன் அவன் செருப்பை எடுத்துக்கொண்டு கூடவே போனாள், அவன் கையைப் பிடிக்கவில்லை. கொட்டகையில் தன் கையாலேயே ஒவ்வொன்றாகக் கழற்றிக் கடல் பக்கத்து ஆணிகளில் மாட்டினான். பதினாலு உருப்படி. காலுறைகளைக்கூட ஜோடி பிரியாமல் மாட்டினான். அப்புறம் ஊதாக் கோட்டைப் போட்டுக்கொண்டு, செருப்புக் காலோடு, அவளோடு வீட்டுக்குத் திரும்பினான். அன்றைக்கு ராத்திரி அவன் சவுடரில் அவள் பன்றிக் கொழுப்பு வறுத்துப் போட்டாள் என்று எனக்கு மணத்திலேயே தெரிந்தது. ஒரு கரண்டிதான் போட்டேன் என்று மறுநாள் சாதித்தாள்.

சனிக்கிழமை நாங்கள் போய் அவரவர் உருப்படியை எடுத்துக்கொண்டோம். இப்போது அவை எங்களுடையவை.

டிசம்பரில் புயலடித்து ஓய்ந்த ஒரு காலையில் ஆல்டன் தபால் வாங்க வந்தான். புதுசாக வாங்கின கோட்டு ஒன்று அவனிடம் இருந்தது, ஆனாலும் ஊதாவைத்தான் போட்டிருந்தான். கடிதங்களைக் கொடுத்தேன். அவன் கண் கீழே போயிற்று. நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. சாம்பல் நிறக் கம்பளி, குதிகாலில் டொரீனின் தையல், எல்லாவற்றையும் பார்த்தான்.

"தரை சில்லுன்னு இருக்குமே இங்க" என்றான்.

"இல்ல" என்றேன். "கதகதன்னு இருக்கு."

ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டுக் கடிதங்களை ஊதாக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினான். எதிர் ஜன்னலில் டொரீன் நின்று அவன் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.